மச்சான் பிரித்துச் சொன்ன நீளச் சொல்

பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் அடியில் விரலால் தட்டிக்கொண்டிருப்பார் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். மலேசியாவில், கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருவரும் பால்மரம் வெட்டினோம், அதாவது பட்டையைச் சீவிப் பால் இறக்கினோம். பால் நிறுக்க வரிசையில் காத்திருக்கும்போது, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி படித்துப் போட்ட இங்கிலீஷ் பேப்பரை எடுத்து நீளமான சொல்லாகத் தேடுவார்.

"முழுசா பாத்தா பயமாத்தான் இருக்கும் லா. முன்னால ஒட்டினத கழட்டு, பின்னால ஒட்டினத கழட்டு. நடுவுல தெரிஞ்ச ஆளு உக்காந்திருப்பான்."

அன்-எம்-ப்ளாய்-மெண்ட். மூன்று துண்டுக்கு மெல்லிய தட்டு; 'ப்ளாய்' வரும்போது மட்டும் வாளி அதிரும். "வேல இல்லாமப் போறது. அவ்ளோதான், மச்சான்" என்பார்; அவருக்கு நானும் மச்சான்தான்.

நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். ஆனால் மரம் வெட்டுவதில் அவரைவிட நான்தான் கெட்டிக்காரன். பட்டையை இழை இழையாகச் சீவுவேன். மரத்துக்குக் காயமே படாது. அதை யார் பார்த்தார்கள்? கடிதம் வந்தாலும் மருந்துச் சீட்டு வந்தாலும் என் மனைவி என்னைத் தாண்டிப் போய், "அண்ணே, இது என்னான்னு பாருங்க" என்பாள். பொறுக்க முடியாமல், காட்டுக்குள் மரத்தில் தட்டித் தட்டி அந்த ஒரு சொல்லைப் பாடம் பண்ணி அவளிடம் சொல்லிக் காட்டினேன்.

"அண்ணன் சொல்லிக் குடுத்தாரா?" என்று கேட்டாள். அதோடு விட்டுவிட்டேன்.

போன வருஷம் மச்சானுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. மனைவிக்கு முட்டிவலி. அதனால் ஈப்போ ஆஸ்பத்திரிக்கு, பேச்சுப் பயிற்சிக்கு, நான்தான் அவரைக் கூட்டிப்போனேன். பயிற்சி கொடுக்கும் மலாய்க்காரப் பெண், அவருக்குப் பிடித்த சொல் ஏதாவது உண்டா என்று கேட்டாள். எனக்குத் தெரியும். தெரியாது என்று தலையாட்டினேன். மச்சான் என்னையே பார்த்தார். பிறகு நல்ல கையால் மேசையைத் தட்டி, ஒவ்வொரு துண்டாக, அதே சொல்லை அவரே சொல்லி முடித்தார்.

மச்சானை அவர் வீட்டில் விட்டுவிட்டு நான் வீட்டில் நுழைந்ததும் மனைவி, "அண்ணன் பேசினாரா?" என்றாள்.

"இல்ல."

அவள் தன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். கொஞ்ச நேரம்தான் என்னால் தாங்க முடிந்தது.

"பேசினாரு லா. முழுசா ஒரு வார்த்த. இங்கிலீஷ்ல."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. "எங்க, எப்படிச் சொன்னாரு, சொல்லுங்க!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டாள். என் வாயிலிருந்துதான் வந்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்தது அவள் அண்ணனை.