செவ்வாய் மண்

வேடியப்பனுக்குப் பயம் கூடப் பிறந்தது. பல்லி கத்தினால் வாசற்படியிலிருந்து திரும்பி விடுவான். காக்கிச் சட்டையைக் கண்டால், அது தபால்காரர் சட்டையாகவே இருந்தாலும், சைக்கிளை விட்டு இறங்கி நின்றுகொள்வான். இப்படிப்பட்ட ஆளுக்கு இருட்டறையில் வேலை அமைந்ததை என்னவென்று சொல்ல! கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஒரு ஸ்டுடியோவுக்குச் சின்ன வயதில் தண்ணீர் தூக்கப் போனவன், படம் கழுவப் பழகி, கடைசியில் கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டுவதில் பேர் வாங்கிவிட்டான். கல்யாணப் பெண்ணின் வெளிறிய புடவையை அரக்குப் பட்டாக்குவான். செத்துப்போன அப்பாக்களுக்கு உதட்டில் வெற்றிலைச் சிவப்பு வைப்பான். கலர் பிலிம் வந்த பிறகும் அவனைத் தேடி வருகிறவர்கள் இருந்தார்கள்.

அப்படித்தான் எண்பத்தேழாம் வருஷம் விஜயலட்சுமி டீச்சர் வந்தார். கச்சிராயபாளையத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். கையில் ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகை. அதில் செவ்வாய் கிரகத்தின் மண்ணையும் மணலையும் கிட்டத்தில் எடுத்த படங்கள் இருந்தன. அங்கே இறங்கிய விண்கலம் தன் இரும்புக் கையால் மண்ணைச் சுரண்டிப் பள்ளம் பறித்ததும் படமாக இருந்தது. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அவற்றைப் பெரிதாக்கித் தர வேண்டும் என்றார் டீச்சர்.

"கலர்னா மெட்ராஸ் லேபுக்கு அனுப்பணும் டீச்சர். மறியல்னு சொல்றாங்களே, பஸ்ஸே ஓடாதாம்."

"கறுப்பு வெள்ளையில காப்பி எடுத்து நீங்களே கலர் குடுங்க. அந்த விஞ்ஞானிங்களே மொதல்ல வானத்துக்கு நீலம் போட்டுட்டு, அப்புறம் தப்புன்னு மாத்தினாங்களாம். உங்க கலர் ஒண்ணும் கொறைஞ்சு போயிடாது."

வேடியப்பன் குளிர்ந்துபோனான். ஆனால் அவனிடமிருந்த சிவப்பெல்லாம் புடவைச் சிவப்பு, உதட்டுச் சிவப்பு. மண்ணுக்கு ஒத்து வரவில்லை. ஆகவே தன் ஊருக்கு வெளியே, ரோட்டோரம் இருக்கும் கரட்டு மேட்டிலிருந்து ஒரு பிடி செம்மண் எடுத்துவந்து, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துக் கலந்தான். படம் அச்சு அசல் கரட்டு மேடாகவே வந்துவிட்டது. பின்பக்கம் மறக்காமல் எழுதியும் வைத்தான். 'செவ்வாய் மண்.' 'செவ்வாய் மணல், கல்.' 'செவ்வாய், பள்ளம் தோண்டியது.'

அதற்குள் மறியல் தொடங்கிவிட்டது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலைகளை அடைத்தார்கள். புளிய மரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தன. சில இடங்களில் ரோட்டையே வெட்டிவிட்டார்கள். எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு, சாவு என்று சேதி வந்துகொண்டே இருந்தது. இந்த நேரத்தில் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தே ஆக வேண்டுமா? பயந்தவனுக்கு இன்னொரு வியாதி உண்டு, சொன்ன வாக்குத் தவறினால் யார் திட்டுவார்களோ என்கிற பயம். சனிக்கிழமை அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

வெட்டிப் போட்ட ஒரு மரத்தைத் தாண்டியதும் போலீஸ் வேன் நின்றது. இவன் வழக்கப்படி இறங்கி நின்றான். ஓடாமல் நின்றதே சந்தேகமாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் உறையைப் பிரித்தார். மண், கல், பள்ளம். திருப்பிப் பார்த்துப் பின்பக்கத்தைப் படித்தார். அவர் முகம் மாறியது.

"செவ்வாக்கெழம எங்கடா பள்ளம் தோண்டப் போறீங்க?"

"ஐயா, அது கெழம இல்லீங்க. கிரகமுங்க."

"ஆமாண்டா, உனுக்குக் கிரகம் புடிச்சுதான் இருக்குது." பளாரென்று ஒரு அறை விழுந்தது. "எடத்த போட்டோ புடிச்சு, கெழமையும் எழுதி எட்த்துக்கினு போறான் பாருய்யா! இது எந்த ஊரு மண்ணு? சொல்றியா, வண்டியில ஏறுறியா?"

வேடியப்பன் வேனுக்குள் பார்த்தான். உள்ளே ஒருவன் சட்டையில் ரத்தத்தோடு குனிந்து உட்கார்ந்திருந்தான். டீச்சர் பெயரைச் சொல்லலாம், ஆனால் பொம்பளையைக் காட்டிக்கொடுத்த பாவம் வரும். எந்த ஊர் மண் என்று திரும்பவும் கேட்டபோது, எந்த மண்ணைப் பார்த்து வண்ணம் கலந்தானோ அதன் பெயர் வாயில் வந்து விழுந்துவிட்டது.

"கரட்டு மேடுங்க."

"பொய்யின்னு தெரிஞ்சிது, வூடு தேடி வருவேன்."

படங்களை அவர் வைத்துக்கொண்டார். இவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான். மனைவி சின்னப்பொண்ணு கன்னத்தைப் பார்த்துவிட்டு அழுதாள். எல்லாவற்றையும் சொன்னான்.

"கரட்டு மேட்டயா சொன்ன? யாராச்சும் அங்க போனா?"

"செவ்வாக்கெழம எவன் மண்ணு வெட்டுவான்? வூடு கட்றவன் கூட அன்னிக்குக் கடப்பார எடுக்க மாட்டானே. போலீஸ் வந்து பாத்துட்டுப் போயிடும்."

அது சரிதான். செவ்வாய்க்கிழமை பூமியில் இரும்பு படக் கூடாது என்பது அந்தப் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவன் ஞாயிறும் திங்களும் சோறு தின்றான்.

செவ்வாய் விடிந்தபோது மேளச் சத்தம் கேட்டது. சின்னப்பொண்ணு வேலியோரம் விசாரித்துவிட்டு ஓடிவந்தாள். "பிச்சமுத்தண்ணன் ஆத்தா, ஆயம்மா, வெடிகாலையில செத்துப் போச்சாம். குழி வெட்ட ஆளு போய்க்கினு இருக்குது."

ஊருக்கு இடுகாடு கரட்டு மேட்டின் பின்பக்க அடிவாரத்தில்தான் இருக்கிறது. சாவுக்கு ஏது நாளும் கிழமையும்? இத்தனை சாஸ்திரம் யோசித்த மனிதனுக்கு இது ஒன்று மட்டும் தோன்றாமல் போயிற்று. பிச்சைமுத்துவிடம் போய்ச் சொல்லலாம், ஊரே சேர்ந்து அடிக்கும். ஸ்டேஷனுக்குப் போய்ப் பொய் என்று சொல்லலாம், அவர்கள் எலும்பை எண்ணுவார்கள். போலீஸ் மறந்திருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். சின்னப்பொண்ணு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரோட்டில் வேன் சத்தம் கேட்டது. அப்போது எழுந்தவன்தான், செருப்புக்கூடப் போடாமல் ஓடினான். வாழ்நாளில் போலீஸைப் பார்த்து அவன் ஓடியது அந்த ஒரு தடவைதான், அதுவும் போலீஸை நோக்கி.

அவன் போய்ச் சேர்வதற்குள் அடி விழுந்துவிட்டது. குழிக்குள் இடுப்பளவு நின்ற இரண்டு பேர் கையைத் தூக்கிக்கொண்டு நடுங்கினார்கள். கரையில் ஒரு போலீஸ்காரர் துப்பாக்கியை நீட்டி நின்றார். இடம் காட்ட வந்திருந்த பிச்சைமுத்து குறுக்கே போய், லத்தியடியைக் கையில் வாங்கியிருந்தார். முழங்கைக்குக் கீழே அது வீங்கிக்கொண்டிருந்தது.

"சுடாதீங்க! பொணக் குழிங்க அது! நான்தான் பொய் சொன்னேன்! பயத்துல சொல்லிட்டேங்க!"

கத்தியபடியே போய்த் துப்பாக்கிக்கும் குழிக்கும் நடுவில் விழுந்தான். இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். அது ரோட்டிலும் இல்லை, ரோட்டுக்குப் பக்கத்திலும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தூரத்தில் பாடையும் மேளமும் வந்துகொண்டிருந்தன. கோபத்துக்கு வேடியப்பனை மூன்று நான்கு உதை உதைத்துவிட்டு, வேனை ரோட்டோரம் தள்ளி நிறுத்தச் சொன்னார். அடக்கம் முடிகிறவரை அது அங்கேயே நின்றது.

ஆயம்மாளை இறக்கினார்கள். பிச்சைமுத்து வீங்கிய கையாலேயே முதல் பிடி மண்ணைப் போட்டார். பிறகு ஊர் வழக்கப்படி ஆளுக்கொரு பிடி. வேடியப்பன் உதட்டில் ரத்தத்தோடு கடைசியில் வந்து குனிந்தான். ஒரு பிடி அள்ளிவிட்டான்.

அந்தக் கையைப் பிச்சைமுத்து பிடித்துக்கொண்டார்.

"நீ போடாத."

"அண்ணா, பயத்துல..."

"பயம் உனுக்கு மட்டுந்தானாடா? குழியில நின்னானுங்களே, அவனுங்களுக்கு இன்னா? வெடிகாலையிலயே மேளம் அடிச்சுதே, உன் காதுல வுழலியா? அப்பவே வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்காத்தாவ வேற எடத்துல வெச்சிருப்பேனே."

வேடியப்பன் விரலைத் தளர்த்தினான், மண் அவன் காலடியிலேயே கொட்டியது. கூட்டம் வழி விட்டது. யாரும் அவனை அடிக்கவில்லை, யாரும் அவனிடம் பேசவுமில்லை. அவன் வீட்டுக்கு நடந்தான்.