வெறுமையாய்த் திரும்பாத சட்டி

எழுபதுகளின் நடுவில், புலம்பெயர்ந்து வந்த கிளேட்டனில் நாங்கள் நாலைந்து தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள்தான். ஞாயிறு காலை ஆங்கிலக் கோயிலில் பேசாமல் இருந்துவிட்டு, பின்னேரம் யாராவது ஒருவர் வீட்டில் கூடித் தமிழில் வாய்விட்டு ஜெபிப்போம். ஆதித் திருச்சபையார் போல உள்ளதைப் பகிர்ந்து, ஒருவருக்கொருவர் பணிவிடை செய்து வாழவேண்டும் என்பது எங்கள் ஆசை. அதில் முதல் ஆள் என் கணவர். யார் வீடு மாறினாலும் மெத்தையின் ஒரு முனை அவர் தோளில் இருக்கும். கூட்டம் முடிந்தால் குசினிக்குள் புகுந்து எல்லாருடைய கோப்பைகளையும் கழுவுவார். எங்கள் வீட்டுக் கோப்பைகளை நான்தான் கழுவினேன் என்பது வேறு கதை.

அப்போதுதான் கார்த் தொழிற்சாலையில் அவருடைய வேலை போனது. அரசாங்க உதவிக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன்.

"கைகால் சுகமாய் இருக்கிறவன் வாங்கிற காசோ அது?" என்றார்.

விஷயம் தெரிந்ததும் சோறும் கறியும் எங்கள் வீடு தேடி வந்தன. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் வந்த பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். முதலில் சீனி போட்டு அனுப்பினேன். பிறகு பருப்பு. வந்ததைவிடப் போனதுதான் கூட என்று எனக்கு எரிச்சல் வரத் தொடங்கியது.

ஒருநாள், மலேசியாவிலிருந்து வந்து இங்கே தாதியாக வேலை செய்த அக்கா ஒருவரின் சட்டியைத் திருப்ப வேண்டியிருந்தது. அலுமாரியில் எங்கள் கைக்குழந்தை மகளின் பால்மா மட்டும்தான் இருந்தது.

"இந்த முறை வெறுஞ்சட்டியாய்க் குடுப்பம். அவ ஒண்டும் நினைக்கமாட்டா," என்றேன் கணவரிடம்.

"அவ நினைக்காட்டிலும் நான் நினைப்பன். பாதியைப் போடும்."

போட்டேன். மகளுக்குப் பாலைத் தண்ணீராய்க் கரைத்துக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு அந்த அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். "பால் மாவு ஏன் குடுத்தீங்க? எங்க வீட்ல பிள்ளையே இல்ல. தேத்தண்ணி கலக்கிக் குடிச்சே முடிச்சிட்டோம்!"

எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். வீட்டில் மகளுக்குப் பால்மா இல்லையென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்கா அன்றைக்கே ஒரு டின் கொண்டுவந்து தந்திருப்பார். என் கணவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த வருடப் பெரிய வியாழனன்று எங்களுக்குள் பாதம் கழுவும் ஆராதனை வைத்தோம். சீடர்களின் கால்களை ஆண்டவர் கழுவியதையும், பேதுரு தன் காலைக் கொடுக்க மறுத்து ஏச்சு வாங்கியதையும் என் கணவர்தான் வாசித்தார். பிறகு முழங்காலில் நின்று எல்லாருடைய கால்களையும் கழுவித் துடைத்தார். முடிந்ததும் அக்கா எழுந்து அவர் கையிலிருந்த பேசினை வாங்கினார்.

"தம்பி, இப்ப நீங்க உட்காருங்க."

அவர் கதிரையில் இருந்தார். ஆனால் கால்களை அதன் அடியில் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம் அக்கா. எனக்கு அதுக்குத் தகுதியில்லை."

சற்று முன் வாசித்தது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அக்காவின் கண் கலங்கிவிட்டது. என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"எவ்வளவு தாழ்மையான மனுஷன்! நீங்க குடுத்து வச்சவங்க," என்றார்.

மடியில் மகள் விரலைச் சூப்பிக்கொண்டிருந்தாள். நான் "ஓம்" என்று தலையாட்டினேன்.