பூச்சியத்துக்குப் பாஸ் போட்ட கணினி

நல்லூரில் ஒரு ரியூட்டரியில், அதாவது தனியார் வகுப்பு நிலையத்தில், நான் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். வகுப்புகளின் ஒளிப்பதிவை வெளி வன்தட்டுக்குப் பிரதி எடுக்க ஷெல் என்ற கட்டளை நிரலுக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பிரதி சரியாக முடிந்தால் ஷெல் பூச்சியத்தைத் தரும். பிழை வந்தால் வேறொரு எண்ணைத் தரும். ஆகவே, பூச்சியம் வந்தால் கணினியில் உள்ள மூலப் பதிவை அழிக்க வேண்டும் என்பதே என் நிபந்தனை.

ரியூட்டரி நடத்தும் கணித மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, பூச்சியம் எடுத்தவனையோ பாஸ் எண்டுறீர்? மாத்தும்."

"மாஸ்டர், உது பிழை ஒண்டும் இல்லை எண்ட பூச்சியம்."

"இவ்வளவு காலம் பேப்பர் திருத்தின எனக்கோ சொல்லித் தாறீர்?"

கணித மாஸ்டர் குரலை உயர்த்தினால், இந்த வயதிலும் என் கை அடிவாங்கத் தானாக நீளும். அன்று விசைப்பலகைக்கு நீண்டது. பூச்சியம் அல்லாதது வந்தால் அழி என்று மாற்றிவிட்டேன்.

பல்கலைக்கழகம் புக எழுதும் உயர்தரச் சோதனை நெருங்கிய வாரத்தில் வன்தட்டு நிரம்பியது. பிரதி எடுபடவில்லை, ஷெல் ஒன்று என்ற எண்ணைத் தந்தது. நிபந்தனை நிறைவேறி, பிள்ளைகள் திரும்பப் பார்க்கக் காத்திருந்த மாஸ்டரின் தொகையீட்டுக் கணிதப் பாடம் முழுவதும் அழிந்தது.

"உந்தக் கம்பியூட்டர் எங்கை படிச்சது?" என்று மட்டும் மாஸ்டர் கேட்டார். பிறகு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் அமராத வெறும் வாங்குகளைப் பார்த்துத் தொகையீட்டை மீண்டும் படிப்பித்தார். நான் கமரா பிடித்தேன். வன்தட்டில் இடம் உண்டாக்கி, நிபந்தனையையும் அவருக்குச் சொல்லாமல் பழையபடி ஆக்கினேன். பிரதி முடிந்ததும் திரையில் பூச்சியம் விழுந்தது.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"திரும்பவும் பெயிலோ?"