வாய்க்கால் பன்றிக்கு ஒரு ஸ்கோப்

எங்கள் சாய்ந்தமருதில் வீடும் வயலும் பெண்ணுக்குத்தான் எழுதப்படும். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். அப்படி என் வீட்டுக்கு வந்தவர், வாப்பா எனக்குத் தந்த ஒன்றரை ஏக்கரைப் பன்றியிடமிருந்து காப்பாற்றிய லட்சணத்தைச் சொல்கிறேன். அனுமதிப்பத்திரத்தோடு ஒரு துவக்கு எங்களிடம் இருந்தது. குழல் நுனியில் குறி பார்க்கச் சின்ன உலோக மணி. அதைப் பார்த்துச் சுட்டால் போதும். ஆனால் என் மனுஷன் யூடியூப் பார்க்கிறவர். ஒற்றைக் குண்டுத் தோட்டாவுக்கு துவக்கின் மேல் பூட்டும் தூரக்கண்ணாடி, அந்த ஸ்கோப், இல்லாமல் சரிவராதாம்.

கல்முனையில் ஒருவரிடம் இரண்டு ஸ்கோப் இருந்தன, சிறியது ஒன்று, முழங்கை நீளத்தில் ஒன்று. இவர் அவற்றை எங்கே கொண்டுபோய்ப் பார்த்தார் தெரியுமா? கடற்கரைக்கு! பெரியதில் பார்த்தால் தூரத்துத் தோணிக்காரர் வெற்றிலை மெல்லுவது தெரிந்ததாம். அதையே வாங்கி வந்தார். எங்கள் காவல் குடிசையிலிருந்து பன்றி இறங்கும் வாய்க்கால் முப்பது யார் தூரங்கூட இல்லை.

"கிட்டத்தானே வருது, சின்னது போதும்" என்றேன்.

"சும்மா இரி புள்ள. பொம்புளையளுக்குத் துவக்கப் பத்தி என்ன தெரியும்?"

மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர் வந்து அதைப் பூட்டினார். "கண்ணுக்கும் இதுக்கும் நாலு விரல் இடைவெளியாவது உடோணும், துவக்கு பின்னுக்கு உதைக்கும்" என்று சொன்னார், பாவம். இவர் கதிரையில் சாய்ந்து, கண்ணை ஒட்ட வைத்து, இப்போதுதான் வட்டம் முழுசாகத் தெரிகிறது என்று அங்கேயே இறுக்கச் சொன்னார். சுட்டுப் பார்க்கவுமில்லை. பத்திரத்துக்குக் கிடைப்பதே கொஞ்சத் தோட்டா, வீணாக்கலாமா? ஒரு கிழமையாக வந்தவர் போனவரெல்லாம் அதில் தென்னைமரத்துக் காகம் பார்த்துத் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

கதிர் முற்றி அறுவடைக்கு நாலு நாள் இருக்கையில், பொழுது சாய, மஃரிப் தொழுகைக்குச் சற்று முன் பன்றிகள் இறங்கின. சோறு கொண்டுபோன நானும் குடிசையில் இருந்தேன். இவர் ஸ்கோப்பில் தேடுகிறார், தேடுகிறார்.

"என்ன தெரியுது?"

"கறுப்பாத் தெரியுது. தலை எது, வால் எது எண்டு விளங்குதில்ல."

வெறுங்கண்ணால் நான் ஏழு எண்ணிவிட்டேன். அப்போது சுட்டார். குண்டு வாய்க்கால் தண்ணீரில் விழுந்தது. ஸ்கோப்பின் விளிம்பு அவர் புருவத்தில் இறங்கியது. ஐந்து தையல். நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு நாளும் காவலுக்கு ஆளில்லை. அறுவடை மெசின்காரர் வந்து, பன்றி உழக்கிய வயலை வரம்பில் நின்று பார்த்தார். "இதுக்குள்ள மெசின இறக்கி என்ன செய்ற?" என்று திரும்பிப் போய்விட்டார்.

நலம் விசாரிக்க வந்தவர்களிடம் இவர் சொன்னது, "பண்டி பாஞ்சிட்டு." எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தேநீர்க் கோப்பையை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். ஆனாலும் வந்தவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் கடையில் அரிசி மூட்டை வாங்கினார். அக்கம்பக்கம் காணாமல் பின்வேலியால் கொண்டுவரப் பார்த்தார். வாப்பா காலத்திலிருந்து இந்த வீட்டில் கடை அரிசி உலை ஏறியதில்லை. எனக்கு அழுகை வந்தது, அழவில்லை. முன்கதவை விரியத் திறந்துவிட்டு வாசலில் போய் நின்றேன்.

"றோட்டுப் பக்கத்தால கொண்டு வாங்க," என்றேன். "எல்லாரும் பாக்கட்டும்."