தரையை விடாத கால்

என் மனைவி யூஜினியா அமராவதிபுதூரில் தபால் கொடுக்கிறவள். காலையெல்லாம் சம்பளத்துக்கு நடப்பாள், சாயங்காலம் சும்மா நடப்பாள். நான் கணக்கு வாத்தியார். மனிதன் உட்காருவதற்காகவே நாற்காலி செய்யப்பட்டது என்று நம்புகிறவன்.

சாயங்காலம் அவள் நடப்பது நடைப்போட்டிக்கான பயிற்சி. விதிகள் இரண்டே. ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும், முன்னால் ஊன்றுகிற காலின் முட்டி மடங்கக் கூடாது. மூன்று நடுவர்கள் தப்பு என்று சிவப்பு அட்டை எழுதினால் ஆள் வெளியே. இடுப்பை வெட்டி வெட்டி அவள் போவதைப் பார்த்து முதலில் தெருவே சிரித்தது. ஆனால் வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற சீமை இது. இதுவும் ஏதோ வேண்டுதல்தான் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். பக்கத்துத் தெரு கருப்பம்மாள் செம்பு நிறைய மோரோடு வழிமறிப்பார்.

"வேளாங்கண்ணிக்கா தாயி? என்ன காரியத்துக்கு வேண்டியிருக்கீக?"

"சும்மாத்தான் நடக்குறேன் அத்தை."

சும்மா யாராவது இப்படி வேர்த்து விறுவிறுத்து நடப்பார்களா? கருப்பம்மாள் கடைசிவரை நம்பவில்லை.

நாற்பத்து நாலு வயதில் மூத்தோருக்கான தேசியப் போட்டியில், ஐந்து கிலோமீட்டர் நடையில் தங்கம் வாங்கினாள். கடைவீதியில் பேனர் கட்டினார்கள். நானே நடந்து வாங்கியது மாதிரி ஒரு மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த ஆடியில், தபால் பையோடு சாலையைக் கடந்தவளை ஒரு சரக்கு வேன் இடித்துவிட்டது. இடது முட்டிச் சில்லு மூன்று துண்டு. கம்பி வைத்துக் கட்டிய டாக்டர், "வேலைக்குப் போகலாம், படி ஏறலாம். போட்டியை மறந்துருங்க" என்றார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான், மறைப்பானேன். அவளும் தலையை ஆட்டினாள். ஆனால் கட்டுப் பிரித்த வாரமே காலை நீட்டிப் படுத்து, முட்டிக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். முட்டி முழுசாக நீளவில்லை; மெத்தைக்கும் முட்டிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அந்த இரண்டு விரலை மூட அவளுக்கு ஏழு மாதம் பிடித்தது. அந்த ஏழு மாதமும் துண்டை வாயில் கவ்விக்கொண்டு முட்டியை அழுத்துவாள். நான் பார்க்கச் சகிக்காமல் எழுந்து வெளியே போய்விடுவேன்.

மறுபடி பயிற்சியைத் தொடங்கினாள். மறு வருஷ ஐப்பசி மழையில் சாலையில் நடக்க முடியவில்லை. தெருக்கோடிப் பெரிய வீட்டின் சொந்தக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். அவர்களிடம் போனில் கேட்டு, காவல்காரர் பொன்னழகு கூடத்தைத் திறந்துவிட்டார். அந்தத் தெருவிலிருந்து அடுத்த தெருவரைக்கும் போகிற வீடு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரே கல்வரிசையைப் பிடித்துக்கொண்டு அவள் போவாள், திரும்புவாள். என் வேலை, கன்னம் தரையில் பட நடுக்கூடத்தில் படுத்திருப்பது. இரண்டு பாதத்துக்கும் அடியில் ஒரே சமயத்தில் வெளிச்சம் தெரிந்தால் "தூக்குது" என்று கத்த வேண்டும்.

மூன்றாம் வாரம் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. கோபமும் வந்தது.

"தங்கம்தான் வாங்கியாச்சுல்ல? இன்னும் எதுக்கு இந்தப் பாடு?"

நின்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அது நான் நடந்து வாங்குனது இல்லைங்க" என்றாள். "கடைசி வளைவுல ஒருத்தி நெருங்கி வந்துட்டா. பயந்துபோயி ஒரு பத்து அடிக்கு ரெண்டு காலும் தரையை விட்டு எந்திரிச்சிருச்சு. நடுவர் பாக்கல. நான் போயிச் சொன்னேன். 'எங்க கண்ணுக்குத் தெரியாட்டி அது தப்பில்லைம்மா, சட்டப்படி ஒங்களுக்குத்தான்'னு அனுப்பிட்டாக."

"அப்புறம் என்ன?"

"என் காலுக்குத் தெரியுமே."

நான் தரையை விட்டு எழவே இல்லை. பதினெட்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இவ்வளவு பெரிய மனுஷியோடு இருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாளிலிருந்து கழுத்து வலியைப் பற்றி நான் பேசவில்லை.

போன ஜனவரியில் திருச்சியில் மாநிலப் போட்டி. பன்னிரண்டரைச் சுற்று. பத்தாவது சுற்றில் முன்னால் இருந்தவள் யூஜினியாதான். இடது முட்டி வீங்கியிருப்பது எனக்கு வேலிக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. கடைசி வளைவில் மூன்று பேர் ஒன்றாக நெருங்கினார்கள். அங்கே ஒரு நடுவர் குனிந்து காலையே பார்த்துக்கொண்டு நின்றார். விதி முழுக்கத் தெரிந்த இந்த வாத்தியார் என்ன கத்தினேன் தெரியுமா?

"ஓடு யூஜினி! ஓடு!"

பக்கத்தில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குதிகால், விரல், குதிகால், விரல். ஒருத்தி தாண்டினாள். இன்னொருத்தி. மூன்றாமவளும் போனாள். யூஜினியா ஒரே சீராக வந்து நாலாவதாகக் கோட்டைத் தொட்டாள்.

ஓடிப்போய் அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். நிறையப் பேர் எண்ணுக்கு நேரே, அட்டைக்கு ஒன்றாகச் சிவப்புப் புள்ளி. அவள் எண்ணுக்கு நேரே ஒன்றுமே இல்லை. என் கண் கலங்கிவிட்டது. புல்லில் உட்கார்ந்திருந்தவளிடம் வந்து சொன்னேன்.

"ஒரு அட்டைகூட இல்ல, யூஜினி. கால் தரையை விடவே இல்ல. நெனச்சதைச் செஞ்சுட்ட. இனிப் போதும்ல?"

அண்ணாந்து என்னைப் பார்த்தாள். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"சுத்தமா நடக்க முடியும்னு இப்பத்தானங்க தெரிஞ்சிருக்கு. இனிமேத்தான் வேகத்தைக் கூட்டணும்."

புல்லில் உட்கார்ந்து, அவள் ஷூவை மெதுவாகக் கழற்றிவிட்டேன்.