இராஜேஸ்வரியின் வக்கான்ஸ்

சுவிஸின் பீல் நகரத் தமிழர் வீடுகளில் யாருக்காவது இடுப்பு முறிந்தால், மருத்துவருக்கு அடுத்ததாக இராஜேஸ்வரிக்குத்தான் அழைப்புப் போகும். நானும் அவளும் ஒன்றாகப் பராமரிப்புப் பயிற்சி முடித்து, ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர்கள். ஆனாலும் என்னை யாரும் கூப்பிடமாட்டார்கள். நான் முடியாது என்று சொல்லிவிடுவேன். அந்தச் சொல் அவள் வாயில் வராது.

அவளுடைய கணவர் சிவலிங்கம் பக்கவாதத்தில் விழுந்த பிறகு, பகலில் இல்லத்தில் மற்றவர்களைத் தூக்கினாள், மாலையில் வீட்டில் அவரைத் தூக்கினாள். அப்படிப் பல வருடங்கள். அவர் இறந்து, ஆண்டுத் திவசமும் முடிந்து, 2018இல் அவளும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். ஒருநாள் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் பிரான்ஸுக்குப் போகப்போறன். ஒரு கிழமை. நீங்களும் வாங்கோ."

எங்கள் சனத்துக்குப் பிரான்ஸ் என்றால் பாரிஸில் லாச்சப்பல் கடைத்தெரு, இல்லாவிட்டால் லூர்து மாதா. அவள் கேட்டது இரண்டும் அல்ல. வைன் பிழியும் முந்திரிகைத் தோட்டங்களுக்கு நடுவே நடக்க வேண்டும் என்றாள். இல்லத்தில் அவள் பார்த்துவந்த ஒரு பிரெஞ்சுக் கிழவியின் சுவரில் பூர்கோன் பகுதியின் படமொன்று இருந்தது. கல்மதில்கள், சரிவெல்லாம் கொடிகள், தூரத்தில் ஒரு தேவாலயம். அந்தப் படத்தைப் பார்த்தபடியே அவள் பல வருடம் கட்டில் விரித்திருக்கிறாள்.

நான், பிரான்ஸில் எங்களுக்குக் கிட்ட உள்ள அல்சாஸுக்குப் போவோம் என்று நின்றேன். அங்கேயும் வைன்தான், மலையடிவாரம் முழுக்கத் தோட்டம்தான். வீடுகளில் பூச்சாடி, கூரையில் நாரை. பாசலைத் தாண்டினால் வந்துவிடும், என் முழங்காலுக்கும் அது நல்லது. எனக்குப் பிரெஞ்சு அரைகுறை. அங்கே வயதானவர்களோடு என் ஜெர்மனை வைத்துச் சமாளிக்கலாம். அவளும் ஏறக்குறைய தலையாட்டிவிட்டாள்.

அந்த ஞாயிறு, ஓர்லிகோனிலிருந்து வந்த அவளுடைய மகன் நிலன் சிரித்தான்.

"அம்மா, நீங்கள் வைன் குடிக்கிறேல்லை. பிறகேன் வைன் ஊருக்கு?"

"நல்லூர்த் தேருக்குப் போற எல்லாருமோ வடம் பிடிக்கினம்?" என்றாள்.

அவனும் அதோடு விட்டிருக்கலாம். அல்சாஸ் என்ற சொல்லைப் பெரியப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். சிவலிங்கத்தின் தமையன் கனகரத்தினம் அல்சாஸில், மூல்ஹவுஸ் நகரத்தில் இருக்கிறார். அவர் மனைவிக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை நடந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. அடுத்த நாளே அவரிடமிருந்து அழைப்பு வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். அவள் ஒலிபெருக்கியைப் போட்டு, கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஹோட்டலுக்கு ஏன் காசைக் கரியாக்குறாய்? வீடு இருக்கு. லீவிலதானே வாறாய்? இஞ்ச என்ர மனுசியைக் குளிக்க வார்க்கவும் ஆளில்லை. பின்னேரத்தில காரில கொண்டுபோய் உன்ர முந்திரிகையைக் காட்டுறன்."

லீவு! எங்களிடையே அந்தச் சொல்லுக்கு ஓய்வு என்று பொருள் இல்லை. ஒருவருக்கு லீவு என்றால் அவர் கை சும்மா இருக்கிறது, எடுத்துப் பாவிக்கலாம் என்று பொருள். கலியாண வீட்டுக்கு லீவு, செத்த வீட்டுக்கு லீவு, கோயில் திருவிழாவில் மரக்கறி வெட்ட லீவு.

இராஜேஸ்வரி கீரையைக் கீழே வைத்தாள்.

"அத்தான், நான் அல்சாஸுக்கு வரேல்லை."

"நிலன் சொன்னானே?"

"மாத்திப்போட்டன். பூர்கோன் போறன். போன் எண்டு ஒரு ஊர்."

"போனிலதான் கதைக்கிறம். எந்த ஊர் எண்டு கேட்டனான்."

"ஊரின்ர பேர்தான் அத்தான் போன்."

நான் தண்ணீர்க் குவளையால் வாயை மறைத்துக்கொண்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"லீவெண்டு ஊர் சுத்துவாய், சொந்தத்துக்கு உதவமாட்டாய்?"

"இது லீவு இல்லை, அத்தான். வக்கான்ஸ்." பிரெஞ்சுக்காரர் தங்கள் ஓய்வுப் பயணத்தைச் சொல்வதுபோல மூக்கால் சொன்னாள். "அக்காவுக்கு வீட்டுக்கு நேர்ஸ் வரும். டொக்டரிட்டக் கேட்டால் எழுதித் தருவார்."

"வெள்ளைக்காரி வந்து எங்கட சனத்தைத் தொட்டுத் தூக்கிறதோ?"

"நான் இவ்வளவு காலமும் வெள்ளைக்காரரைத் தூக்கினனான். அவை ஒண்டும் சொல்லேல்லையே!"

அவர் அழைப்பைத் துண்டித்தார்.  நான் கீரையை என் பக்கம் இழுத்து, "என்ர முழங்காலுக்கு ஒரு கைத்தடி வாங்கோணும்," என்றேன். பூர்கோன் முடிவாகிவிட்டது.

செப்டெம்பரில் போனோம். படத்தில் இருந்த தேவாலயத்தை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. கல்மதில்கள் இருந்தன, கொடிகளில் கறுத்த குலைகள் இருந்தன. போன் நகரில், பல நூற்றாண்டுக்கு முன்னர் ஏழைகளுக்கென்று கட்டிய வைத்தியசாலை ஒன்று உண்டு. நீண்ட மண்டபம், இரண்டு பக்கமும் சிவப்புத் திரை போட்ட கட்டில்கள். எல்லோரும் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள். இராஜேஸ்வரி குனிந்து கட்டிலைப் பார்த்தாள்.

"உயரம் காணாது அக்கா. இதில ஆளைத் திருப்பிப் படுக்க வைச்சவளுக்குக் குனிஞ்சு குனிஞ்சு நாரி முறிஞ்சிருக்கும்."

சொல்லிவிட்டு வெளியே போய், வெயில் படும் மேசையில் ஒரு கிளாஸ் வெள்ளை வைன் கேட்டாள். ஒரு வாய் குடித்தாள். "புளிக்குது," என்றாள். முழுவதையும் குடித்து முடித்தாள்.

திரும்பும் ரயில் டிஜோனிலிருந்து பாசலுக்கு. அது மூல்ஹவுஸில் நிற்கும் என்பதை இருவருமே முன்பு கவனிக்கவில்லை. வண்டி மெதுவாகி, நிலையத்தின் பெயர்ப்பலகை எங்கள் யன்னலுக்கு நேரே வந்து நின்றது. கனகரத்தினத்தின் வீட்டுக்கு நேர்ஸ் வருவதாக நிலன் ஏற்கெனவே சொல்லியிருந்தான். என்றாலும் சொந்தக்காரர் வாழும் ஊரில் இறங்காமல் போவது எங்களிடையே சின்னக் குற்றம் அல்ல. இன்னும் பத்து வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள்.

"இறங்கப்போறியோ?" என்று கேட்டேன்.

அவள் காலணியைக் கழற்றி, காலை நீட்டி, எதிர் இருக்கையின் ஓரத்தில் வைத்தாள்.

"வக்கான்ஸ் இன்னும் முடியேல்லை அக்கா. பீலில இறங்கினாப் பிறகுதான் முடியும். ஒரு லீவு நாளில வந்து பாக்கிறன்."

கதவுகள் மூடின. சாப்பாட்டுப் பையைத் திறந்து, மிச்சமிருந்த முந்திரிகைக் குலையை எடுத்தாள். எனக்குப் பாதியைத் தந்தாள்.