வாய்க்காலைத் தள்ளிப்போட்டவள்

சடையாண்டியின் பூண்டுக்காடு அழிந்ததற்கு நான்தான் காரணம். மழை காரணம் என்று எழுதிக் கொடுத்தவளும் நானே.

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? சொல்ல வேண்டியவரிடம் சொல்ல வாய் வராததால்தான்... வேறென்ன.

மலையடிவாரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கட்டுமானத் திட்ட மேலாண்மையும் சாலை வடிவமைப்பும் கற்பிக்கிறேன். அதற்கு முன் ஓர் ஒப்பந்ததாரரிடம் வேலை பார்த்தேன். கொடைக்கானல் மேல்மலையில் ஒரு சிற்றூருக்குத் தார்ச்சாலை போட்டோம். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று அட்டவணை போடுவது என் பொறுப்பு.

சாலை வளையும் இடத்தில் அகலம் போதவில்லை. அங்கே சடையாண்டியின் பூண்டுக்காடு. "ஓரமா சும்மாதான கெடக்கு, எடுத்துக்கங்கம்மா. ஊருக்குத்தான ரோடு" என்றார். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை.

வேலை பின்தங்கியது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. "வெரசா முடிக்க வழி சொல்லும்மா" என்றார் முதலாளி. சொன்னேன். தாரை முதலில் போட்டுவிடலாம், மேட்டுப் பக்கத்து வாய்க்காலைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்றேன். ஒரு வேலையைத் தள்ளிப்போட்டாலும் முடிவு நாள் தள்ளிப்போகாது என்றால், அந்த அவகாசத்துக்குப் பாடத்தில் 'ஃப்ளோட்' என்று பெயர். காகிதத்தில் வாய்க்காலுக்கு அது தாராளமாகவே இருந்தது.

தெரியாமல் செய்தேனா? அப்படிச் சொல்லித் தப்பிக்க ஆசைதான். ஆனால் நான் கொடைக்கானலில் பிறந்து வளர்ந்தவள். மேட்டுத் தண்ணீருக்கு வழி விடாமல் மலையில் யாரும் கோழிக்கூடுகூடக் கட்டமாட்டார்கள். மழைக்குள் வெட்டிவிடலாம் என்று ஒரு நப்பாசை... கெட்டிக்காரி என்ற பெயருக்கும் ஆசை.

வாய்க்கால் எங்கே என்று சடையாண்டி ஒருமுறை கேட்டார். வரும் என்றேன். நம்பினார்.

விழா முடிந்ததும் ஆட்களை வேறு ஊர் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் புதுத் தாரின் மேலேயே ஓடி, வளைவில் ஓரத்தை உடைத்துக்கொண்டு பூண்டுக்காட்டில் இறங்கியது. மண் முழுவதும் போய்ப் பாறைதான் மிஞ்சியது.

சேத அறிக்கையில் 'எதிர்பாராத மழை' என்று எழுதினேன். கொடைக்கானலில் ஐப்பசி மழை எதிர்பாராததாம்... எழுதும்போது எனக்கு வெட்கமாகக்கூட இல்லை. வெட்கம் பிறகுதான் வந்தது, வந்தது போகவே இல்லை.

"மழை பேஞ்சா நீங்க என்னம்மா செய்வீங்க" என்று சடையாண்டி எனக்கே ஆறுதல் சொன்னார். வாய்க்காலைப் பற்றி அவர் பேசவே இல்லை. இப்போது வட்டக்கானலில் ஒரு விடுதியில் அறை துடைத்து, படுக்கை விரிப்பு மாற்றுகிறார்.

அவர் மகள் பவித்ரா என் வகுப்பில் படிக்கிறாள். நான் இருக்கிறேன் என்ற தைரியத்தில்தான் இந்தக் கல்லூரியில் சேர்த்தார்.

சென்ற வாரம், பழுதடைந்த சாலை ஒன்றை ஆராய்ந்து எழுதிவரச் சொன்னேன். பவித்ரா தன் ஊர்ச் சாலையை எழுதியிருந்தாள். வளைவை அளந்து, சரிவைக் குறித்து, அழகாகப் படம் வரைந்திருந்தாள். கொடுக்க வந்தவள் தயங்கி நின்றாள்.

"மேடம், வாய்க்கால் வெட்டாமலே தாரைப் போட்டுட்டாங்கன்னு ஊர்ல சொல்றாங்க. அதுனாலதான் ரோடு போச்சுன்னு எழுதியிருக்கேன். ஆனா அப்பா, மழைதான்னு அடிச்சுச் சொல்றாரு. எது சரி மேடம்?"

அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துகொண்டே என்னைக் காப்பாற்றுகிறாரா... நீ எழுதியதுதான் சரி என்றால், அப்படி அட்டவணை போட்டது யார் என்று அடுத்துக் கேட்பாள். கேட்கட்டும், சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"அப்பா சொல்றதையே எழுதும்மா" என்றேன்.

அவள் என் மேசையிலேயே குனிந்து, சரியாக எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, தவறை எழுதிக் கொடுத்தாள். முழு மதிப்பெண் போட்டேன்.